படிகத்துக்குள் பாதை கண்டவர்

கள்ளக்குறிச்சியின் பெயர் 2024 ஜூன் மாதத்தில் நாடெங்கும் ஒலித்தது. நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன செய்தியோடு சேர்ந்து ஒலித்த பெயர் அது. அதன் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துப் பலரும் பேசத் தொடங்கினர். சென்னை உயர் நீதிமன்றமும் தாமாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்த மலை ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து விடுபட்டது 1976இல்தான். அடிவாரத்து ஊர் மாவட்டத் தலைநகரானது 2019இல்தான்.

இங்குள்ள இளைஞர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், சாலை, பேருந்து, மருத்துவமனை, வேலைவாய்ப்பு என்று ஒரு பட்டியல் உடனே வரும். அவை அனைத்தும் நியாயமானவை. ஆனால், அந்தப் பட்டியலில் ஆய்வுக்கூடம் என்ற சொல் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. அறிவியல் ஆராய்ச்சி என்பது பெருநகரங்களுக்கும் பெரும்பணத்துக்கும் உரியது என்று நாமே முடிவுகட்டிவிட்டோம். இந்த முடிவு சரிதானா என்று சோதித்துப் பார்க்க ஒருவரின் வாழ்க்கை நமக்கு உதவும். அவரும் ஒரு மலையடிவாரத்துச் சிற்றூரில் பிறந்தவர்தான். அவர் இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன்.

அவர் வாழ்க்கைக்குள் நுழையுமுன், இன்றைய அறிவியலில் நிகழும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒளியை ஒரு குழாய்போல ஏந்திச் செல்லும் கண்ணாடி இழையை நாம் அறிவோம். நம் வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவருவது அதுதான். இப்போது அதே பணியைத் தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய ஊசிவடிவப் படிகங்கள் செய்கின்றன. இவை மணலிலிருந்து வரும் சிலிக்கானால் ஆனவை அல்ல. கரிம மூலக்கூறுகளால் ஆனவை.

செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. சாயப்பொருள்களைப் போன்ற ஒரு கரிமச் சேர்மத்தைத் தகுந்த கரைப்பானில் கரைத்து, அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டின்மீது இடுகிறார்கள். கரைப்பான் ஆவியாகும்போது மூலக்கூறுகள் தாமே அணிவகுத்து நுண்ணூசிகளாக வளர்கின்றன. அந்த ஊசியின் ஒரு முனையில் லேசர் கதிரைப் பாய்ச்சினால், நடுப்பகுதி பெரும்பாலும் இருண்டிருக்க, மறுமுனை பளிச்சென்று ஒளிர்கிறது. படிகத்தின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள காற்றைவிட அதிகம் என்பதால், உள்ளே புகுந்த ஒளி சுவர்களில் மோதி மோதி முழு அக எதிரொளிப்பின் மூலம் முன்னேறிச் செல்கிறது. சில படிகங்கள் தாம் விழுங்கிய ஒளியை வேறு நிறத்தில் உமிழ்ந்து, அந்தப் புதிய நிற ஒளியையும் கடத்துகின்றன.

கண்ணாடியைப்போல் உடையாமல் ரப்பரைப்போல் வளைந்து மீளும் படிகங்களும் கண்டறியப்பட்டுள்ளன. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ராஜதுரை சந்திரசேகர் தலைமையிலான குழு, அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையைக் கொண்டு இத்தகைய படிகங்களை நகர்த்தியும் வளைத்தும் வெட்டியும் ஒளிச்சுற்றுகளை அமைத்துவருகிறது. மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியால் இயங்கும் சில்லுகள் என்ற கனவின் ஒரு கிளை இது. சந்தைக்கு வர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. வழியில் ஒளி இழக்கப்படுவதும், ஒரே அளவிலான படிகங்களைத் திரும்பத் திரும்ப உருவாக்குவதும் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல்கள்.

இந்தப் படிகங்களில் எல்லாமே ஒரு வினாவைப் பொறுத்திருக்கின்றன. உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன? ஒளி எந்தத் திசையில் விழுங்கப்படும், எந்தத் திசையில் எளிதாகச் செல்லும் என்பதை அந்தச் சாய்வுதான் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பு இந்த வினாவுக்கு ஓர் இழையையும் ஒரு காந்தத்தையும் கொண்டு விடைகண்டவர் கிருஷ்ணன்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சதுரகிரி செல்வோர் கடந்துபோகும் ஊர் அது. தந்தை வேளாண்மையோடு தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் ஈடுபாடு கொண்டவர். உள்ளூரில் தொடக்கக் கல்வியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் உயர்நிலைக் கல்வியும் முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்சியாளராகச் சிறிதுகாலம் பணியாற்றினார். அங்கே நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற முறையில் அவர் உரையாடல்கள் நடத்தினார். பிற கல்லூரி மாணவர்களும் அதற்கு வந்து சேர்ந்தனர்.

1920இல் அவர் கல்கத்தா சென்றார். 1923இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வுக்குழுவில் இணைந்தார். இந்தக் கழகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி நிறுவியது அது. அந்நிய ஆட்சியின் தயவை எதிர்பாராமல், இந்தியர்கள் தம் பணத்தில் தாமே அறிவியல் செய்ய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். நன்கொடை தந்தவர்களில் எவரும் அதிலிருந்து இலாபம் எதிர்பார்த்திருக்க முடியாது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு உலகின் மிகச் சிறந்த இயற்பியல் ஆய்வுகளுள் ஒன்று அந்தக் கட்டடத்தில் நிகழ்ந்தது.

கிருஷ்ணன் முதலில் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தார். 65 திரவங்களைத் தூய்மைப்படுத்தி, ஒவ்வொன்றாக அளந்தார். இந்தப் பொறுமையான பயிற்சியே 1928 பிப்ரவரியில் கைகொடுத்தது. சூரிய ஒளி, சில நிறவடிகட்டிகள், தூய திரவம், பயிற்சி பெற்ற கண்கள் ஆகியவைதாம் கருவிகள். சிதறிய ஒளியில், உள்ளே அனுப்பாத புதிய நிறம் இருப்பதை ராமனும் கிருஷ்ணனும் கண்டனர். அந்த நாள்களின் நிகழ்வுகளைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். 1928 மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் வெளியான முதல் அறிவிப்பில் இருவரின் பெயர்களும் உள்ளன.

1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனுக்குப் பங்கு கிடைத்திருக்க வேண்டுமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அந்த ஆய்வின் திசையை வகுத்தவர் ராமன் என்பதில் ஐயமில்லை. அந்த நாள்களின் சோதனைகளில் கிருஷ்ணனின் கை இருந்தது என்பதிலும் ஐயமில்லை. இந்த விவாதத்தால் நேர்ந்த ஓர் இழப்பு உண்டு. கிருஷ்ணன் என்றாலே நோபலைத் தவறவிட்டவர் என்ற ஒற்றை அடையாளம் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் தனித்து நின்று செய்த பெரும்பணி பொதுமக்களின் நினைவில் இல்லாமலே போனது.

அந்தப் பணி டாக்காவில் தொடங்கியது. 1928 இறுதியில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ரீடராகச் சேர்ந்தார். சத்யேந்திரநாத் போஸ் அங்கே துறைத்தலைவராக இருந்தார். அங்கே கிருஷ்ணன் தேர்ந்தெடுத்த பொருள், படிகங்களின் காந்தப் பண்பு.

துணிப்பெட்டியில் பூச்சி அண்டாமலிருக்க நாம் போடும் அந்துருண்டையை எல்லோரும் அறிவோம். அந்த நாப்தலீனும், அதன் உறவினரான ஆந்த்ரசீனும் கிருஷ்ணன் ஆராய்ந்த பொருள்களில் அடங்கும். இவற்றின் மூலக்கூறுகள் தட்டையானவை. பென்சீன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பிராக், ஊடுகதிர்களைக் கொண்டு இப்படிகங்களின் அடிப்படை அலகை அளந்திருந்தார். ஆனால், அந்த அலகுக்குள் மூலக்கூறுகள் துல்லியமாக எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்று அறுதியிடுவது அன்றைய நிலையில் கடினமாக இருந்தது.

கிருஷ்ணன் வேறு வழியில் அணுகினார். அதைப் புரிந்துகொள்ளக் கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பிகளை நினைத்தால் போதும். புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள், மரத்தின் இழையோட்டத்தைப் பார்த்துத்தான் உளியை வைப்பார்கள். இழையோடு சென்றால் மரம் இணங்கும். குறுக்கே சென்றால் எதிர்க்கும். மரத்தைப்போலவே படிகமும் திசைக்குத் திசை வேறுபடும். மர இழையோட்டம் கண்ணுக்குத் தெரியும். படிகத்தின் இழையோட்டத்தைக் காண வேறொரு கருவி தேவை. அதற்குக் கிருஷ்ணன் தேர்ந்தது காந்தம்.

நாப்தலீன் போன்ற பொருள்கள் காந்தத்தால் மிக மெல்லிய அளவில் விலக்கப்படுபவை. வளையத்தைச் சுற்றி எலெக்ட்ரான்கள் எளிதில் ஓடுவதால், அந்த விலக்கம் வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் மிக அதிகம். தளத்தை ஒட்டிய திசையில் குறைவு. ஆகவே காந்தப்புலத்தில் தொங்கவிட்டால், வளையங்கள் இயன்றவரை புலத்துக்கு இணையாக நிற்குமாறு படிகம் தன்னைத் திருப்பிக்கொள்ள முயலும். அந்த முயற்சியின் வலிமையை அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்று கணக்கிடலாம்.

அளப்பதற்கு அவர் கையாண்ட முறை நுட்பமானது, ஆனால் எளியது. சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்குவார். காந்தத்தின் பிடியில் இருக்கும் படிகம் முதலில் மெல்ல மட்டுமே நகரும். முறுக்கு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சட்டென்று சுழன்று திரும்பிவிடும். அந்தக் கணத்தின் முறுக்கு அளவே வேண்டிய விடையைத் தந்துவிடும். விலைமிக்க கருவி எதுவும் இல்லை. கைப்பழக்கமும், எதை அளக்கிறோம் என்ற தெளிவுமே மூலதனம்.

குகா, பானர்ஜி ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1933இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. பென்சீன் வளையம் தட்டையானது என்பதை 1929இல் ஊடுகதிர் ஆய்வால் நிறுவியவர் கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையார். அவரும் கிருஷ்ணனும் இணைந்து 1936இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஊடுகதிர் காட்டிய வடிவமும் காந்தம் காட்டிய சாய்வும் ஒன்றையொன்று துணைநின்று விளக்கும் என்பது அதனால் உறுதிப்பட்டது. நாப்தலீன் படிகத்தில் மூலக்கூறுகள் ஒரே திசையில் நிற்பதில்லை. ஓலைப் பாயின் பின்னலைப்போல ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வில் அடுக்கப்பட்டுள்ளன என்பதை இன்று நாம் பாடநூலில் படிக்கிறோம்.

1933இல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பினார். சர்க்கார் நிறுவிய அதே கழகத்தில், அவர் பெயராலேயே அமைந்த பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். படிகங்கள் எந்தத் திசை ஒளியை விழுங்குகின்றன, எப்படி ஒளிர்கின்றன என்பதையும் ஆராய்ந்தார். பிறகு பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் படிகத்துக்கும் சென்றார். 1940இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, உலோகங்களின் மின்தடை குறித்து ஆராய்ந்தார். 1947இல் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1948இல் அமைந்த அணுசக்தி ஆணையத்தில் பாபா, பட்நாகர் ஆகியோருடன் உறுப்பினராக இருந்தார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1961 ஜூன் மாதம் மறைந்தார். நிர்வாகப் பொறுப்புகளுக்கு இடையிலும் இறுதிவரை தம் கையால் ஆய்வு செய்வதை அவர் விடவில்லை.

இன்றைய ஒளிக்கடத்திப் படிகங்கள் கிருஷ்ணனின் ஆய்வகத்திலிருந்து நேராகப் பிறந்தவை என்று சொன்னால் அது மிகை. இடையில் பல நாடுகளின் பல கைகள் உண்டு. ஆனால், கரிமப் படிகத்தை ஒரு வெறும் தூளாகப் பார்க்காமல், மூலக்கூறுகளின் ஒழுங்கான கட்டடமாகப் பார்க்க உலகுக்குக் கற்பித்தவர்களில் அவர் ஒருவர். அந்தப் பார்வை இல்லாவிட்டால், எந்தப் படிகம் எந்தத் திசையில் ஒளியை ஏந்திச் செல்லும் என்று இன்று எவரும் திட்டமிட முடியாது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு பாடம் தெரிகிறது. பொருளியலில் பொதுப்பண்டம் என்று ஒன்றைச் சொல்வோம். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாதது. விலைபோட்டு விற்க இயலாதது. அடிப்படை அறிவு அத்தகையது. 1933இல் நாப்தலீன் மூலக்கூறின் சாய்வுக்குச் சந்தையில் எந்த விலையும் இல்லை. பயன் எப்போது, எவருக்கு, எந்த வடிவில் வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. இத்தகைய அறிவைச் சந்தை தானே உருவாக்காது. சமூகம்தான் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். அன்று ஒரு மருத்துவர் திரட்டிய நன்கொடை அந்த இடத்தை ஒதுக்கியது.

இன்று நாம் குறைக்கடத்தித் தொழிலுக்காக 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை 2021 டிசம்பரில் அறிவித்திருக்கிறோம். அது தேவையான முதலீடுதான். அத்தகைய ஆலை கள்ளக்குறிச்சிக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால், கரிமப் படிகம் வளர்க்க ஆலை வேண்டியதில்லை. கண்ணாடிக் குவளை, தூய வேதிப்பொருள், அறை வெப்பநிலை, பொறுமை ஆகியவை போதும்.

இதில் தமிழகத்துக்கு முன்னனுபவமும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் இருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களின் கல்லூரிகளில்கூடக் கரைசலை மெதுவாக ஆவியாக்கிப் படிகம் வளர்த்து முனைவர் பட்டம் பெற்றவர்கள் ஏராளம். ஆனால், அந்த ஆய்வேடுகளில் பலவற்றின் பாதை ஒன்றுதான். புதிதாக ஒரு படிகத்தை வளர்ப்பார்கள்; வெளியூர் ஆய்வகங்களுக்கு அனுப்பி அளவீடுகளை வாங்குவார்கள்; அட்டவணைகளாக அடுக்கி வெளியிடுவார்கள். கட்டுரைகளின் எண்ணிக்கை உயர்கிறது. கிருஷ்ணன் கேட்ட வினா, அதாவது மூலக்கூறுகள் ஏன் இப்படிச் சாய்ந்தன, அதனால் என்ன விளையும் என்ற வினா, பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

இளநிலை வகுப்புகளில் நிலைமை இன்னும் வருத்தமானது. செய்முறைத் தேர்வில் விடை முன்பே தெரியும். அந்த விடை வருமாறு எண்களைப் பின்னோக்கி எழுதும் பழக்கம் பல இடங்களில் வேரூன்றிவிட்டது. கரியாலூரிலிருந்தும் வெள்ளிமலையிலிருந்தும் பேருந்து பிடித்து இறங்கிவரும் ஒரு மாணவி, தன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறையாக இருக்கலாம். மூன்றாண்டுகளில் ஒருமுறையேனும் விடை தெரியாத ஒரு வினாவை அவள் தன் கையால் தொட்டுப் பார்க்காமலே பட்டம் பெறுகிறாள் என்றால், இழப்பு அவளுக்கு மட்டுமானதன்று.

செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட சோதனைக்கென ஒரு மேசையை ஒதுக்கலாம். வாரத்தில் ஒரு பிற்பகலை மாணவர்களின் சொந்த வினாக்களுக்கு விட்டுவிடலாம். மாவட்டத்துக்கு ஒரு பொது அளவீட்டு மையம் அமைத்து, நல்ல நுண்ணோக்கியையும் நிறமாலைமானியையும் எல்லாக் கல்லூரிகளும் முறைவைத்துப் பயன்படுத்தச் செய்யலாம். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்குச் சிறு நிதியுதவி தருகிறது. அதற்கு விண்ணப்பிக்கும் வழிமுறை மலைக்கிராமத்து மாணவருக்கும் தெரியுமாறு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை ஆலைகளும் அரிசி ஆலைகளும் நடத்தும் இந்த மாவட்டத்தின் வசதி படைத்தோர், மகேந்திரலால் சர்க்கார் காட்டிய வழியில் இதற்கென ஒரு நிதியத்தைத் தொடங்கலாம்.

இப்படிச் செய்தால் ஒவ்வொரு மாணவரும் கிருஷ்ணனாகிவிடுவார் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். வத்திராயிருப்பிலிருந்தும் ஒரே ஒருவர்தான் புறப்பட்டார். அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியும், சென்னையில் மாணவர்களோடு மனம்விட்டு உரையாட ஓர் உணவு இடைவேளையும், கல்கத்தாவில் பொதுமக்கள் பணத்தில் எழுந்த ஒரு கழகமும் கிடைத்தன. அந்த வாய்ப்புகளில் ஒன்று அறுபட்டிருந்தாலும் அவர் அந்த ஊரிலேயே நின்றிருக்கக்கூடும். கல்வராயன் அடிவாரத்தில் அத்தகைய வாய்ப்புகள் எத்தனை இருக்கின்றன என்று கணக்கெடுக்கும் பொறுப்பு, கல்வித்துறைக்கு மட்டுமல்ல, இந்த மாவட்டத்தில் வாழும் நம் எல்லோருக்கும் உண்டு.